சோதனையைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருக்கிற, வாங்கலாமா என்று யோசிக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு,



போன பொங்கலுக்கு நண்பர் ஒருவர் வீட்டில் கூடியிருந்தோம். பந்தி பாதி முடிந்திருந்த நேரத்தில், கராஜில் இருக்கும் இரண்டாவது ஃபிரிட்ஜிலிருந்து தயிர் எடுத்துவரப் போனேன். அங்கே ஏழெட்டுப் பேர் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். பேச்சு துப்பாக்கியைப் பற்றி. யார் எதை வாங்கினார், எந்த ரேஞ்சில் பழகுகிறார், எது கையை அதிகம் உதைக்காது என்று ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒருவர் சொன்னார்: "இந்த பேக்ரவுண்ட் செக் எல்லாம் நம்மள மாதிரி ஒழுங்கா இருக்கறவங்களுக்குத்தானுங்க தொல்லை. திருடன் எங்க போயி ஃபாரம் நிரப்பறான்?" மற்றவர்கள் தலையாட்டினீர்கள். நான் தயிரை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

அன்று நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்காமல் வந்தது இன்றுவரை உறுத்துகிறது. அதனால்தான் இந்த மடல்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டிலும் ஒரு கைத்துப்பாக்கி இருக்கிறது. டாலஸுக்கு வடக்கே உள்ள ஒரு மருந்துக்கடையில் ஃபார்மசிஸ்டாக வேலை. பல நாள் இரவு ஷிஃப்ட். கணவர் மாதத்தில் பத்து நாள் வெளியூரில் இருப்பார். 2020-ல் எங்கள் தெருவில் இரண்டு வீடுகளை உடைத்துப் புகுந்தார்கள். அதற்குப் பிறகு ரேஞ்சுக்குப் போய்ப் பழகினேன், யோசித்து வாங்கினேன். ஆகவே யாருடைய துப்பாக்கியையும் பிடுங்கச் சொல்லி எழுதவில்லை. உங்களில் ஒருத்தியாக எழுதுகிறேன்.

இந்த நாட்டில் அது உரிமை. 1791-ல் சேர்ந்த இரண்டாம் திருத்தம் குடிப்படைக்கானதா, தனிமனிதருக்கானதா என்ற வாதம் நெடுங்காலம் நடந்தது. 2008-ல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று தீர்த்தது. எழுதியவர் நீதிபதி அன்டனின் ஸ்கலியா. துப்பாக்கி உரிமைக்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் தீர்ப்பு. ஆனால் அதைக் கொண்டாடுகிற பலரும் அதன் மறுபாதியை வாசிப்பதில்லை. இந்த உரிமைக்கு எல்லை உண்டு என்று அதே ஸ்கலியா அதே தீர்ப்பில் எழுதியிருக்கிறார். கொடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களுக்கும் மனநோய் உள்ளவர்களுக்கும் நெடுநாளாக இருந்துவரும் தடை, கடை விற்பனைக்கு விதிக்கும் நிபந்தனைகள், இவை எதன்மீதும் இந்தத் தீர்ப்பு சந்தேகம் எழுப்பவில்லை என்கிறார். 2022-ல் புரூயன் வழக்கில் உரிமையை இன்னும் விரித்த அதே நீதிமன்றம், 2024-ல் நம் டெக்சஸிலிருந்து போன ரஹிமி வழக்கில், பிறருக்கு ஆபத்தானவர் என்று கண்டு குடும்ப வன்முறைத் தடையாணை போடப்பட்டவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற சட்டத்தை எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நிலைநிறுத்தியது. உரிமையையும் சோதனையையும் ஒரே கையால் எழுதிய நீதிமன்றம் இது. இரண்டும் பகை என்ற பேச்சு சட்டத்தில் இல்லை, நம் கராஜில்தான் இருக்கிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கண்ணாடிப் பெட்டிக்கு மேல் கடைக்காரர் 4473 என்ற படிவத்தை வைத்தார். பெயர், பிறந்த ஊர், உயரம், எடை, குடியுரிமை. பிறகு கேள்விகள். இதை உனக்காகத்தான் வாங்குகிறாயா? கொடுங்குற்ற வழக்கு நிலுவையில் உண்டா? தண்டனை உண்டா? போதைப்பொருள் பழக்கம் உண்டா? குடும்ப வன்முறைக்குத் தண்டனையோ தடையாணையோ உண்டா? மனநலக் காரணத்துக்காக நீதிமன்ற ஆணை உண்டா? ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கடைக்காரர் அதை எஃப்.பி.ஐ. நடத்தும் பின்னணிச் சோதனை மையத்துக்கு அனுப்பினார். மேற்கு வர்ஜீனியாவில் கிளார்க்ஸ்பர்க் என்ற ஊரில் இருக்கிறது அது. பெரும்பாலானவர்களுக்குச் சில நிமிடத்தில் "கொடுக்கலாம்" என்று வந்துவிடும். எனக்கு "காத்திருக்கவும்" என்று வந்தது.

காரணம் யாரும் சொல்லவில்லை. நம் பெயர்களின் கதைதான் உங்களுக்குத் தெரியுமே. அப்பா பெயர் ஓர் ஆவணத்தில் கடைசிப் பெயராக, இன்னொன்றில் நடுப்பெயராக, மூன்றாவதில் வெறும் இனிஷியலாக இருக்கும். யாரோ ஒருவருடைய பதிவோடு என் பெயர் உரசியிருக்க வேண்டும். வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது. கடைக்காரர் ஆறுதலாக ஒன்று சொன்னார்: "கவலைப்படாதீங்க மேடம், மூணு வேலைநாளுக்குள்ள பதில் வரலேன்னா சட்டப்படி நாங்க கொடுத்துடலாம்." இரண்டாம் நாள் பதில் வந்தது, வாங்கிக்கொண்டேன். ஆனால் அவர் சொன்ன ஆறுதல் வீடு திரும்பும் வழியெல்லாம் என்னைத் துரத்தியது. பதில் வராவிட்டாலும் கொடுத்துவிடலாம் என்றால், அந்தச் சலுகை எனக்கு மட்டுமா?

எனக்கு மட்டும் இல்லை. 2015-ல் தென் கரோலினாவில் ஓர் இளைஞனுக்கும் இதே "காத்திருக்கவும்" வந்தது. அவன் போதைப்பொருள் வழக்கு ஒன்றில் சிக்கியிருந்தான். அந்த வழக்கின் காகிதம் எந்தக் காவல்துறையிடம் இருக்கிறது என்று தேடியதில் குழப்பம். மூன்று நாள் ஓடிவிட்டது, துப்பாக்கி அவன் கைக்குப் போய்விட்டது. ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டனில் இமானுவேல் தேவாலயத்தில் வேத பாடத்துக்குக் கூடியிருந்த கறுப்பின மக்களோடு உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான்.

இப்போது கராஜில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். திருடன் எங்கே ஃபாரம் நிரப்புகிறான்?

நிரப்புகிறான். 1981-ல் அதிபர் ரீகன் மீது நடந்த துப்பாக்கிச்சூட்டில் தலையில் குண்டு பாய்ந்து காலமெல்லாம் முடங்கிப்போன ஜேம்ஸ் பிரேடியின் பெயரில் 1993-ல் இந்தச் சோதனைக்கான சட்டம் வந்தது. இப்போதுள்ள கணினிச் சோதனை 1998 நவம்பரில் தொடங்கியது. அன்றுமுதல் எஃப்.பி.ஐ. மட்டுமே 15 லட்சத்துக்கும் அதிகமான முறை "கொடுக்கக் கூடாது" என்று சொல்லியிருக்கிறது. அதில் ஆகப் பெரிய பிரிவு கொடுங்குற்றத் தண்டனை பெற்றவர்கள். அத்தனை பேரும் கடைக்கு வந்து, படிவத்தை நிரப்பி, கையெழுத்துப் போட்டவர்கள்தான். கேட்கப்படும் இடத்தில் சோதனை வேலை செய்கிறது. அது தோற்பது இரண்டு இடத்தில். தகவல் போய்ச் சேராத இடத்தில் ஒன்று, கேள்வியே கேட்கப்படாத இடத்தில் இன்னொன்று.

தகவல் போய்ச் சேராத கதை நமக்கு மிக அருகில் நடந்தது. எனக்கு ஊர் சத்தியமங்கலம் பக்கம். பக்கத்துக் கோபிசெட்டிபாளையத்துக்காரர் பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய கால் நூற்றாண்டு நீரியல் கற்றுக்கொடுத்தவர். மழைநீர் எங்கே எவ்வளவு ஓடும், வெள்ளம் எப்போது வரும் என்பதைக் கணக்கால் சொல்லும் படிப்பு அது. 2007 ஏப்ரல் 16, திங்கட்கிழமை காலை நாரிஸ் ஹாலில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தபோது அவரும் அவருடைய மாணவர்கள் பலரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்று பலியானவர்கள் மொத்தம் 32 பேர்.

சுட்ட மாணவன் கள்ளச்சந்தைக்குப் போகவில்லை. அவனும் ஃபாரம் நிரப்பினான். இரண்டு கைத்துப்பாக்கிகளையும் பின்னணிச் சோதனையில் தேறித்தான் வாங்கினான். தேறியிருக்கவே கூடாது. 2005 டிசம்பரிலேயே, இவனால் இவனுக்கே ஆபத்து என்று ஒரு நீதி அதிகாரி கண்டறிந்து வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற ஆணையிட்டிருந்தார். கூட்டாட்சிச் சட்டப்படி அந்த ஓர் ஆணை போதும், அவன் துப்பாக்கி வாங்க முடியாது. ஆனால் வர்ஜீனியா மாநிலம் அப்போது மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்க்க ஆணையிடப்பட்டவர்களின் பெயரைத்தான் சோதனைப் பட்டியலுக்கு அனுப்பும் வழக்கம் வைத்திருந்தது. வெளிநோயாளி ஆணை கோப்பிலேயே தங்கிவிட்டது. கடைக்காரர் கேட்டார், கணினி தேடியது, அங்கே ஒன்றும் இல்லை. ஒரே ஒரு தாள் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குப் போயிருந்தால், அந்தத் துப்பாக்கிகள் அன்று கடையிலேயே இருந்திருக்கும். கொலைகள் நடந்த அந்த மாதமே மாநில ஆளுநர் அந்த ஓட்டையை அடைத்தார். மாநிலங்கள் பதிவுகளை ஒழுங்காக அனுப்ப ஊக்குவிக்கும் கூட்டாட்சிச் சட்டமும் வந்தது. தேசியத் துப்பாக்கிச் சங்கமான என்.ஆர்.ஏ.கூட அதை ஆதரித்தது. சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. 2017 நவம்பரில் நம் டெக்சஸில், சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூர்த் தேவாலயத்தில் 26 உயிர்கள் போயின. சுட்டவன் விமானப்படையில் இருந்தபோது மனைவியையும் அவளுடைய குழந்தையையும் அடித்ததற்காக ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவன். அந்தத் தண்டனையை விமானப்படை எஃப்.பி.ஐ.-க்குத் தெரிவிக்கவே இல்லை. நடந்ததில் 60 சதவீதப் பொறுப்பு விமானப்படையுடையது என்று 2021-ல் கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பளித்தார். அதே ஊரில், சத்தம் கேட்டு வீட்டிலிருந்து தம் துப்பாக்கியோடு ஓடிவந்து கொலைகாரனை எதிர்த்துச் சுட்டு விரட்டியவர் ஒருவர் உண்டு. உரிமைக்கு ஆதாரமாக நீங்கள் அவரைச் சொல்வீர்கள். நியாயம்தான், நானும் சொல்வேன். அந்த நல்ல மனிதர் ஓடிவருவதற்குள் 26 பேர் போய்விட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

இனி, கேள்வியே கேட்கப்படாத இடம். உரிமம் பெற்ற கடைதான் சோதனை செய்தாக வேண்டும் என்கிறது கூட்டாட்சிச் சட்டம். வியாபாரமாகச் செய்யாத தனிநபர் தன் துப்பாக்கியை அதே மாநிலத்தவருக்கு விற்றால் சோதனை கட்டாயமில்லை. வாங்குபவர் தகுதியற்றவர் என்று தெரிந்தோ, அப்படி நம்பத் தக்க காரணம் இருந்தோ விற்றால்தான் குற்றம். தெரிந்துகொள்ள முயல வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஏறத்தாழ இருபது மாநிலங்கள் தங்கள் சட்டத்தால் இந்த இடைவெளியை முழுதாகவோ ஒரு பகுதியாகவோ அடைத்திருக்கின்றன. டெக்சஸ் அடைக்கவில்லை.

என் கணவர் பழைய வேட்டைத் துப்பாக்கி ஒன்று விலைக்கு இருப்பதாக அறிந்து, விற்பவரைப் பார்க்கப் போனார். ஒரு கடைத்தொகுதியின் பார்க்கிங்கில் சந்திப்பு. அந்த மனிதர் டிக்கியைத் திறந்தார், போர்வையை விலக்கிக் காட்டினார். டெக்சஸ் ஓட்டுநர் உரிமம் இருக்கிறதா என்று கேட்டார். காட்டியதும் பணத்தை எண்ணத் தயாராகிவிட்டார். "பக்கத்துல இருக்கற துப்பாக்கிக் கடைக்குப் போயி, அவங்க மூலமா செக் பண்ணி மாத்திக்கலாமா? கட்டணத்த நான் கொடுத்துடறேன்" என்றார் என் கணவர். "உங்களப் பாத்தாலே நல்லவராத்தான தெரியுது, எதுக்கு வீண் செலவு?" என்று அவர் டிக்கியை மூடிவிட்டார். என் கணவர் வெறுங்கையோடு வந்தார்.

பார்த்தால் நல்லவராகத் தெரிகிறது. அதுதான் அங்கே நடந்த முழுச் சோதனையும்.

என் கடையில் மூக்கடைப்புக்கு சூடோஎஃபெட்ரின் மாத்திரை வாங்க வருகிறவரிடம் அடையாள அட்டை கேட்கிறேன், பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிறேன். அதிலிருந்து போதைப்பொருள் காய்ச்சுகிறார்கள் என்பதால் 2005-ம் ஆண்டுச் சட்டம் அப்படி. வீரியமான வலி மாத்திரை என்றால், கொடுக்கும் முன்பு மாநிலப் பதிவேட்டைத் திறந்து, இவர் வேறெங்காவது வாங்கியிருக்கிறாரா என்று பார்க்கிறேன். வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் உண்மையிலேயே வலியால் துடிப்பவர்கள். அவர்களைச் சந்தேகப்பட்டு நான் பதிவேட்டைத் திறப்பதில்லை. முகத்தைப் பார்த்து எனக்குத் தெரியாது என்பதால் திறக்கிறேன். இருபது ஆண்டு அனுபவத்துக்குப் பிறகும் தெரியாது.

2019 ஆகஸ்டு 31 அன்று மேற்கு டெக்சஸில் மிட்லேண்டுக்கும் ஒடேசாவுக்கும் இடையே காரில் போய்க்கொண்டே சுட்டு ஏழு பேரைக் கொன்றவன், 2014-ல் கடையில் வாங்க முயன்று சோதனையில் மறுக்கப்பட்டவன். சோதனை தன் வேலையைச் செய்திருந்தது. இரண்டு ஆண்டு கழித்து அவன் ஒரு தனிநபரிடம் வாங்கிக்கொண்டான். முன்வாசலில் காவல் போட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்துவைத்த வீடு அது.

நம் குடும்பங்களுக்கென்று தனியாக ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சொந்தக்காரருக்காகப் பொருள் வாங்கித் தருவது நமக்குப் பாசம். துப்பாக்கியில் அது குற்றமாகிவிடும். தன் மாமாவின் பணத்தில் மாமாவுக்காகத் துப்பாக்கி வாங்கிய ஒரு முன்னாள் போலீஸ்காரர், "எனக்காகத்தான் வாங்குகிறேன்" என்று படிவத்தில் குறித்தார். மாமனும் மருமகனும் சட்டப்படி தகுதியுள்ளவர்கள். கடை தள்ளுபடிக்காகச் செய்த காரியம். அதற்காக அவர் பெற்ற தண்டனையை 2014-ல் அப்ராம்ஸ்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் முதலான சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. கிரீன் கார்டு வந்த மனைவி பெயரில், எச்-1பி கணவருக்காக வாங்குவதும், "தம்பி, நீ சிட்டிசன்தானே, எனக்கு ஒண்ணு எடுத்துக் குடு" என்பதும் சிறைக்கும் நாடு கடத்தலுக்கும் கொண்டுபோகலாம். விளையாட்டாகக்கூடச் செய்யாதீர்கள்.

உங்கள் அச்சங்களையும் நான் அறிவேன். எல்லா விற்பனைக்கும் சோதனை என்றால், யாரிடம் துப்பாக்கி இருக்கிறது என்று அரசு பட்டியல் போட்டுவிடும் என்று ஓர் அச்சம். மத்தியில் அப்படிப் பதிவேடு வைப்பதை 1986-ம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. "கொடுக்கலாம்" என்று வந்தவரின் சோதனை விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அழிக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. பெயர்க் குழப்பத்தில் நிரபராதி அலைவாரே என்பது அடுத்தது. நானே அலைந்தவள். எஃப்.பி.ஐ.-யிடம் விண்ணப்பித்து, கைரேகை கொடுத்து, தனி அடையாள எண் ஒன்று வாங்கிவைத்துக்கொண்டால் அடுத்த முறை அந்தத் தொல்லை இல்லை. என்னுடைய இரண்டு நாள் போனதில் எனக்கு இழப்பு எதுவும் இல்லை. சோதனை மட்டும் வைத்தால் என்ன மாறிவிடும் என்பதும் நேர்மையான கேள்விதான். சோதனை மட்டுமே போதாது என்பது உண்மை. கனெக்டிகட் மாநிலம் 1995 முதல், கைத்துப்பாக்கி வாங்க விரும்புபவர் முதலில் பயிற்சி பெற்று, நேரில் விண்ணப்பித்து, அனுமதி பெற வேண்டும் என்று வைத்தது. மிசோரி அதுபோல இருந்த தன் அனுமதிச் சட்டத்தை 2007-ல் கைவிட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டையும் ஆராய்ந்து, முதல் மாநிலத்தில் துப்பாக்கிக் கொலைகள் குறைந்ததையும் அடுத்ததில் கூடியதையும் கண்டார்கள். வாங்குபவரை ஒரு முறையாவது நேரில் நிறுத்திக் கேட்பதற்குப் பலன் உண்டு.

அப்படி நேரில் போய் நின்றவர் என் அப்புச்சி, அம்மாவின் அப்பா. சத்தியமங்கலத்து மலையடிவாரத்தில் காட்டுப்பன்றி நிலக்கடலைக் காட்டைக் கிளறிப்போட்டுவிடும். அவரிடம் ஓர் ஒற்றைக்குழல் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. லைசென்ஸ் தருவதற்கு முன் போலீஸ் வந்து ஊரில் விசாரித்துவிட்டுப் போனது. சில ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை வேட்டித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய் ஒப்படைப்பார். ரசீதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்து, தேர்தல் முடிந்ததும் அதே ரசீதைக் கொடுத்து வாங்கிவருவார். சிறுமியாக நான் கேட்டேன், "உங்க துப்பாக்கிய எதுக்கு அப்புச்சி அவுங்ககிட்டக் குடுக்கறீங்க?" அவர் சொன்னார், "நாலு பேருக்குப் பயம் இல்லாம இருக்கோணுமல்லோ கண்ணு." இந்தியச் சட்டம் வேறு, இங்குள்ளது வேறு. அங்கே அது அரசு தரும் அனுமதி, இங்கே அரசமைப்பு தரும் உரிமை. அதை நான் மறக்கவில்லை. ஆனால் அக்கம்பக்கத்தாரின் பயத்தையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்ட அந்த மனசு எந்த நாட்டுச் சட்டத்தாலும் வருவதில்லை. அது வைத்திருப்பவரிடமிருந்துதான் வர வேண்டும்.

வீட்டுக்குள் வருவோம். கடையில் நடக்கும் சோதனை அன்றைக்கு அந்த ஒருவரைப் பற்றியது. அடுத்த ஆண்டு அவருக்கு வேலை போகலாம், மனம் உடையலாம். அவர் வீட்டில் பதினைந்து வயதுப் பிள்ளை இருக்கலாம். 2023-ல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அதில் சுமார் 27,300 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். திருடனுக்காக வாங்கிய துப்பாக்கி வீட்டு மனிதரையே எடுத்துக்கொள்கிறது என்பதுதான் அந்தக் கணக்கு சொல்வது. துப்பாக்கியால் தற்கொலைக்கு முயல்பவர்களில் பத்தில் ஒருவர் பிழைத்தால் அதிகம். மாத்திரை விழுங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள், பிழைத்தவர்களில் பெரும்பாலோர் மறுபடி அந்த வழியில் சாவதில்லை. அந்தச் சில நிமிட இருட்டைக் கடந்துவிட்டால் போதும். 2020 முதல், 1 வயதிலிருந்து 19 வயது வரை உள்ள பிள்ளைகளின் சாவுக்கு இந்த நாட்டில் முதல் காரணம் துப்பாக்கி. பள்ளிகளில் தாக்குதல் நடத்தியவர்களை ஆராய்ந்த அமெரிக்க சீக்ரெட் சர்வீஸ், துப்பாக்கி ஏந்தி வந்தவர்களில் நான்கில் மூன்று பேர் அதைத் தம் பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்து எடுத்ததாக 2019-ல் எழுதியது.

2021-ல் மிச்சிகனில் ஆக்ஸ்ஃபர்டு பள்ளியில் நான்கு மாணவர்களைக் கொன்ற பையனின் கைத்துப்பாக்கியை நான்கு நாள் முன்புதான் அவன் அப்பா கடையில் வாங்கியிருந்தார். 2024-ல் தாய், தகப்பன் இருவருக்கும் 10 முதல் 15 ஆண்டு சிறை. டெக்சஸ் சட்டப்படியும், கவனமின்றி வைத்த குண்டு நிரப்பிய துப்பாக்கி 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டிவிட்டால் வைத்தவர்மேல் குற்றம்.

என் அம்மா ஆறு மாதத்துக்கு இங்கே வந்திருந்தபோது முதல் வாரமே அலமாரி, மேஜை இழுப்பறை, கட்டிலடி எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினார். பேரன் கூடவே சுற்றினான். நம் வீடுகளில் எட்டாத இடம் என்று ஒன்று கிடையாது. விரல்ரேகையில் திறக்கும் பெட்டியைச் சுவரோடு திருகி முடுக்கிவிட்டோம். தோட்டாவை வேறு அறையில் வேறு பூட்டில் வைத்தோம். அந்தப் பெட்டி ஒரு நொடியில் திறக்கும். தோட்டாவை எடுக்கக் கொஞ்சம் நேரம் ஆகும்தான், அந்தத் தாமதம் எனக்குச் சம்மதம்.

அதற்கும் அப்பால் இன்னொன்று இருக்கிறது, நமக்குக் கூச்சமானது. பிள்ளையை இன்னொரு வீட்டுக்கு விளையாட அனுப்பும்போது வேர்க்கடலை ஒவ்வாமை இருப்பதைச் சொல்கிறோம், நாய் கடிக்குமா என்று கேட்கிறோம். "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா?" என்று கேட்க நா எழுவதில்லை. நான் முதல்முறை கேட்டபோது அந்தத் தாய் சற்றுத் திகைத்தார். பிறகு, "நல்லவேளை கேட்டீர்கள், உங்கள் வீட்டில்?" என்று திருப்பிக் கேட்டார். அன்றிலிருந்து நாங்கள் நெருங்கிய தோழிகள்.

வீட்டில் ஒருவர் உடைந்துபோயிருப்பதைக் கண்டால், துப்பாக்கியைச் சில காலம் வேறிடத்தில் கொடுத்துவையுங்கள். 988 என்ற எண்ணை அழையுங்கள். இண்டியானாபொலிஸில் 2021 ஏப்ரலில் சீக்கியர் நால்வர் உள்பட எட்டுப் பேரைக் கொன்ற இளைஞனைப் பற்றி ஓர் ஆண்டு முன்பே அவன் தாய் போலீசில் சொன்னார். போலீஸ் வந்து அவனுடைய துப்பாக்கியை எடுத்துச் சென்றது. ஆனால் அவன் புதிதாக வாங்காதபடி தடுக்கும் ஆணையை நீதிமன்றத்தில் யாரும் கேட்கவில்லை. அந்த மாநிலத்தில் அதற்குச் சட்டம் இருந்தும் கேட்கவில்லை. சில மாதத்தில் இரண்டு ரைஃபிள்களைச் சட்டப்படியே வாங்கினான். பெற்ற தாய் தன் கடமையைச் செய்தார். அவருக்குப் பின்னால் இருந்த சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போயிற்று. டெக்சஸில் நமக்கு அந்தச் சட்டமே கிடையாது.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது இதுதான். சோதனை இல்லாமல் வாங்காதீர்கள். விற்பதென்றால், தெரிந்தவருக்கே ஆனாலும், உரிமம் பெற்ற கடை வழியாக மாற்றிக்கொடுங்கள். ஒரு சிறு கட்டணம்தான். பூட்டிவையுங்கள், பிறர் வீட்டில் கேளுங்கள், உங்கள் வீட்டில் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். குடியுரிமை பெற்றவர்கள் உங்கள் மாநிலப் பிரதிநிதிக்கும் செனட்டருக்கும் எழுதுங்கள். எழுதும்போது முதல் வரியில், "நான் துப்பாக்கி வைத்திருப்பவர்" என்று சொல்லுங்கள். 2013-ல், சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள் கொல்லப்பட்ட சில மாதத்தில், தனியார் விற்பனைக்கும் சோதனையை விரிவாக்கும் திருத்தம் செனட்டில் 54 வாக்கு பெற்றும் தேவையான 60 இல்லாமல் தோற்றது. அதைக் கொண்டுவந்த இருவரும், ஒருவர் ஜனநாயகக் கட்சி, ஒருவர் குடியரசுக் கட்சி, துப்பாக்கி உரிமையை ஆதரித்தவர்கள். 2022-ல் யுவால்டியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் போன பிறகு, 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கூடுதல் சோதனை வைக்கும் சட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் நம் டெக்சஸின் ஜான் கார்னின். துப்பாக்கியே வேண்டாம் என்பவர் சோதனையைக் கேட்டால், பிடுங்க வருகிறார் என்று எளிதாக ஒதுக்கிவிடுவார்கள். வைத்திருப்பவர் கேட்டால் அப்படி ஒதுக்க முடியாது. நம் குரலுக்கு மட்டும் இருக்கிற எடை அது.

வரும் பொங்கலுக்கும் கூடுவோம். கராஜில் மடக்கு நாற்காலி போடுவீர்கள், அந்தப் பேச்சும் வரும். "சோதனை இல்லாமல் நான் வாங்கவும் மாட்டேன், விற்கவும் மாட்டேன்" என்று உங்களில் ஒருவர் சொல்லுங்கள். யாரும் சொல்லாவிட்டால் முதலில் நான் சொல்கிறேன். இந்த முறை தயிரை எடுத்துக்கொண்டு பேசாமல் உள்ளே போக மாட்டேன்.

அன்புடன்,
டாலஸ் பக்கத்திலிருந்து உங்கள் சகோதரி